ஓரிக்குப் பின் கொல்லிமலை

வானம் தெளிந்த நாளில் பரமத்தி வேலூர்க் காவிரிக் கரையில் நின்று வடகிழக்கே நோக்கினால், நீலக் கோடாகத் தெரிவது கொல்லிமலை. ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரமுள்ள அம்மலையை வல்வில் ஓரியின் மலையென்றே நாம் படித்திருக்கிறோம். அவன் வில்லாற்றலைப் புறநானூறு பேசுகிறது. மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று மலையைச் சேரருக்குக் கொடுத்ததை அகநானூறு பேசுகிறது. ஓரிக்குப் பின் அங்கே வாழ்ந்தவர் யாரெனக் கேட்டால் நம்மில் பலர் மௌனமாகிவிடுகிறோம்.

அங்கு வாழ்வோர் மலையாளிகள். கேரளத்தார் அல்லர், தமிழ் பேசும் பழங்குடியினர். காஞ்சியிலிருந்து வந்த மூன்று உடன்பிறந்தார் சேர்வராயன்மலை, கொல்லிமலை, பச்சைமலை என்று பிரிந்து குடியேறினர் என்பது அவர்தம் வழிவழிச் செய்தி. ஆகவே வடக்கிலும் கிழக்கிலும் தெரியும் சிகரங்கள் அவர்களுக்கு வெறும் காட்சியல்ல, பங்காளி வீடுகள். ஊர்களையும் அவர்கள் வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு என நாடுகளாகவே வகுத்துக்கொண்டனர்.

சமவெளியார் மேலே தங்க அஞ்சினர். காரணம் பேயுமல்ல, கொல்லிப்பாவையுமல்ல, மலைக்காய்ச்சல். இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிறது. அன்று கால்நடையாகவோ டோலியிலோதான் ஏற வேண்டும்.

அப்படி ஏறியவர்களுள் ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் பிராண்ட் என்னும் ஆங்கிலேயத் தம்பதியர் குறிப்பிடத்தக்கவர். 1913-இல் சேந்தமங்கலத்தில் மணமுடித்து, வாழவந்தியில் வீடு கட்டினர். அவர்கள் பாப்டிஸ்ட் சபையினர். நம் திருச்சபையினர் அல்லர். அதனால் அவர்கள் பட்ட பாட்டை நாம் குறைத்துப் பேசலாகாது. ஜெஸ்ஸி மருந்து கொடுத்தார், நரம்புச்சிலந்தி நோயோடு போராடினார், தச்சுவேலை கற்பித்தார். 1929 ஜூனில், மலேரியா முற்றிச் சிறுநீர் கறுக்கும் கொடிய காய்ச்சலால் 44 வயதில் இறந்தார். அவர் எந்த நோய்க்கு மருந்து கொடுத்தாரோ அதுவே அவரைக் கொண்டுபோயிற்று.

எவ்லின் அம்மையார் மலையை விடவில்லை. அறுபதைக் கடந்தபின் அவரது சங்கம் ஓய்வு கொடுத்தது. ஓய்வு பெற்றவர் ஊர் திரும்புவதுதானே வழக்கம்? அவரோ தம் பொறுப்பில் கொல்லிமலைக்கே திரும்பினார். பிறகு கல்வராயன்மலை, பச்சைமலை எனக் குதிரையேறிச் சென்றார். கணவரோடு சேர்ந்து எண்ணியிருந்தது ஒரு மலையையன்று, ஐந்து மலைத்தொடர்களை.

உதகையில் 1914-இல் பிறந்த அவர்கள் மகன் பால் பிராண்ட், பின்னாளில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (காவிரிக்கரை வேலூர் அன்று, பாலாற்றங்கரை வேலூர்) தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தியவர்.

எவ்லின் அம்மையார் 1974 டிசம்பரில் 95-ஆம் வயதில் மறைந்தார். வாழவந்திக்குக் கொண்டுசென்று, 45 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட கணவரின் அருகிலேயே அவரையும் அடக்கம் செய்தனர்.