கரிய மலையில் ஒரு குளிர்காலக் காலை

தாணேயில் வாழும் நம்மவர் மேற்கே நோக்கினால் ஏயூர்க் குன்றுகளைக் காண்பர். அக்குன்றுகள் தொடங்கி மேற்கே போரிவலி வரை பரந்து கிடக்கும் காடே சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. பரப்பு நூறு சதுர கிலோமீட்டருக்கும் மேல். முன்னாளில் கிருஷ்ணகிரி என்னும் பெயர் இதற்கு வழங்கிற்று. நம் நாட்டுக் கிருஷ்ணகிரியோடு இதனை மயங்க வேண்டா. இங்குள்ள பழங் கல்வெட்டுகளில் வரும் ‘கண்ஹகிரி’, அதாவது கரிய மலை, என்பதே இன்று கன்ஹேரி என மருவி நிற்கிறது.

ஒரு சனவரிக் காலையில் போரிவலி வாயிலில் பேருந்தை விடுத்து, கன்ஹேரிக் குகைகளை நோக்கி நடந்தேன். இலையுதிர்ந்த இலவ மரங்களில் செம்பூக்கள் தலைகாட்டியிருந்தன. வடபுலத்திலிருந்து வலசை வந்த வாலாட்டிக் குருவியொன்று நெடுந்தொலைவு முன்னே ஓடி வழிகாட்டியது. சரிவெங்கும் உலர்ந்த கார்விச் செடிகள். இச்செடி ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே பூக்கும். பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை மலரும் நம் நீலக்குறிஞ்சிக்குத் தாயாதி.

காட்டினுள்ளே இரண்டு ஏரிகள் உள்ளன. 1860-இல் முடிவுற்ற விகார் ஏரியே பம்பாய்க்கு முதன்முதல் குழாய்நீர் தந்தது. 1879-இல் துளசி ஏரி முடிந்தது. நகரின் தாகத்துக்கு இன்று இவை தருவது சிறிதே. ஆயினும் இவற்றின் நீர்ப்பிடிப்புக்கென மரங்களைக் காத்ததாலன்றோ இக்காடு பிழைத்தது!

நீரைத் தேக்கும் அறிவு இம்மலைக்குப் புதிதன்று. நூற்றுக்கு மேற்பட்ட குகைகளைக் குடைந்த பௌத்தத் துறவியர், மழைநீரை வாய்க்கால் வெட்டிக் கல்தொட்டிகளில் சேர்த்தனர். சனவரியிலும் சில தொட்டிகளில் நீர் நிற்கக் கண்டேன். ஐந்தாம் குகையருகேயுள்ள தொட்டியொன்றைச் சதேரகன் என்னும் அமைச்சன் அளித்ததாகக் கல்வெட்டு கூறும். அதில் அரசி ஒருத்தியும் குறிக்கப்படுகிறாள்: வாசிஷ்டிபுத்திர சாதகர்ணியின் மனைவி, மகாசத்திரபன் ஒருவனின் மகள். தந்தையின் பெயர் சிதைந்து முதலெழுத்து ‘ரு’ மட்டுமே எஞ்சியுள்ளது; உருத்திரதாமன் என்பர் அறிஞர். அவ்வுருத்திரதாமன், சாதகர்ணியை இருமுறை வென்றும் நெருங்கிய உறவு கருதி அழிக்காது விட்டதாகத் தன் கிர்நார்க் கல்வெட்டில் பொறித்துள்ளான்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அத்தொட்டியினும் பெரிதாய் நினைவில் நின்றது அச்சாதகர்ணியின் வெள்ளிக் காசு. ஒருபுறம் அவன் தலையும் பிராகிருத எழுத்தும். மறுபுறம் தமிழோடு மிக நெருங்கிய தென்மொழி. அங்கே ‘ஸிரி’ என்றிருப்பது இங்கே ‘திரு’ ஆகிறது. ‘புதஸ’ என்பது ‘மகனகு’ ஆகிறது. வடமொழிச் சொல்லை அப்படியே இறக்கி வைக்காமல் தன் மொழியிலேயே சொல்தேடிய அந்த இரண்டாம் நூற்றாண்டு எழுத்தன் யாரோ! அவனை எங்கள் அலுவலகத்தில் அமர்த்திக்கொள்ளலாம் என்று எண்ணியவாறே மலை இறங்கினேன்.