வரட்சியிலும் கொள்ளைநோயிலும் ஸஹாபாக்களின் தவக்குல்

 

தவக்குல் என்ற சொல் நம் நாவுகளில் அன்றாடம் புழங்குகின்றது. கடையைத் திறக்கும்போதும், பிள்ளையைப் பரீட்சை மண்டபத்திற்கு அனுப்பும்போதும், நோயாளியைச் சத்திரசிகிச்சைக்கு ஒப்படைக்கும்போதும் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டிவிட்டதாகச் சொல்கின்றோம். ஆயினும் அச்சொல்லின் பொருளை நாம் இரண்டு விதமாகச் சிதைத்து வைத்திருக்கின்றோம். சிலர் முயற்சியைக் கைவிட்டு உட்கார்ந்திருப்பதற்குத் தவக்குல் எனப் பெயர் சூட்டுகின்றனர். வேறு சிலர் எல்லா முயற்சிகளையும் செய்துவிட்டு, அது பலிக்காதபோது அல்லாஹ் தம்மைக் கைவிட்டுவிட்டான் என்று உள்ளம் உடைந்து, தொழுகை விரிப்பையும் சுருட்டி வைத்து விடுகின்றனர். இவ்விரு சாராரும் ஹிஜ்ரி 18 ஆம் ஆண்டின் வரலாற்றை ஒருமுறையேனும் நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஹிஜ்ரி 18 என்பது கி.பி. 639 ஆம் ஆண்டு. அமீருல் முஃமினீன் உமர் இப்னுல் கத்தாப் (ரழி) அவர்களின் ஆட்சிக்காலம். யர்மூக் போரில் ரோமப் படை முறியடிக்கப்பட்டு மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. பைத்துல் முகத்தஸ் முஸ்லிம்களின் கைகளுக்கு வந்துவிட்டது. பாரசீகத்தின் தலைநகரும் வீழ்ந்துவிட்டது. வெற்றிமேல் வெற்றி வந்துகொண்டிருந்த அந்த வேளையில்தான் இரண்டு பெரும் சோதனைகள் அந்தச் சமுதாயத்தைத் தாக்கின. ஹிஜாஸில் கடும் வரட்சி. ஷாம் தேசத்தில் கொள்ளைநோய். இவ்விரண்டில் எது முந்தியது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரண்டும் அவ்வாண்டை ஒட்டியே நிகழ்ந்தன என்பது நமக்குப் போதுமானது.

சோதனை வந்தவுடன், நாம் என்ன பாவம் செய்தோம் என்று கேட்பவர்கள் நம்மில் பலர். அவ்வேளையில் துன்பப்பட்டவர்கள் யார் என்பதைச் சற்றுப் பாருங்கள். பத்ர் களத்தில் நின்றவர்கள் இருந்தார்கள். நபி (ஸல்) அவர்களின் நாவினாலேயே சுவர்க்க நன்மாராயம் பெற்றவர்கள் இருந்தார்கள். சோதனை என்பது எப்போதும் அல்லாஹ்வின் கோபத்தின் அடையாளம் என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு என்ன அதிகாரம் இருக்கின்றது?

முதலில் வரட்சியைப் பார்ப்போம். ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் மழை பொய்த்தது. நிலம் கரிந்து, காற்று வீசியபோது மண் சாம்பலைப் போலப் பறந்தது. ஆகவே அவ்வாண்டு 'ஆமுர் ரமாதா', அதாவது சாம்பல் ஆண்டு என்று பெயர் பெற்றது. பாலைவனத்துக் கிராமவாசிகள் உணவு தேடி மதீனாவை நோக்கித் திரண்டு வந்தார்கள். அவர்கள் மதீனாவின் நாற்புறங்களிலும் தங்க வைக்கப்பட்டார்கள். ஒவ்வொரு புறத்திற்கும் உமர் (ரழி) அவர்கள் பொறுப்பாளர்களை நியமித்தார்கள். அப்பொறுப்பாளர்கள் மாலையானதும் கலீஃபாவிடம் கூடி, அன்று தாம் கண்டவற்றையெல்லாம் அறிவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஓரிரவு உமர் (ரழி) அவர்கள் தம்மிடம் உணவுண்டோரை எண்ணுமாறு கட்டளையிட்டார்கள். ஏழாயிரம் பேர். வர இயலாத நோயாளிகள், சிறுவர்கள், குடும்பத்தவர்களை எண்ணியபோது நாற்பதாயிரம் பேர். சில நாட்களில் அத்தொகை இன்னும் உயர்ந்தது என இப்னு ஸஅத் தமது 'தபகாத்' நூலில் பதிவு செய்கின்றார்.

கவனியுங்கள். அல்லாஹ் ரிஸ்க் அளிப்பான் என்பதில் உமர் (ரழி) அவர்களை விட உறுதி கொண்டவர் அன்று யார் இருந்தார்? அவர்தான் தலைகளை எண்ணச் சொல்கின்றார். கணக்கெடுப்பது ஈமானுக்கு முரணானது என்று அவர் கருதவில்லை. ஷாமிலும் இராக்கிலும் இருந்த ஆளுநர்களுக்கு அவசர மடல்கள் எழுதி உதவி கோரினார். அபூ உபைதா இப்னுல் ஜர்ராஹ் (ரழி) அவர்கள் நாலாயிரம் ஒட்டகங்களில் உணவுப் பொருட்களை ஏற்றிக்கொண்டு தாமே மதீனாவுக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்காகக் கலீஃபா வழங்கிய நாலாயிரம் திர்ஹங்களை, தாம் அல்லாஹ்வை நாடியே இதைச் செய்ததாகக் கூறி முதலில் மறுத்தார்கள். இந்த அபூ உபைதாவின் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளைநோயின் வரலாற்றிலும் இவரைச் சந்திப்போம்.

மக்களின் கஷ்டம் நீங்கும்வரை நெய்யும் பாலும் இறைச்சியும் உண்பதில்லை என்று உமர் (ரழி) அவர்கள் உறுதி பூண்டார்கள். எண்ணெயையும் ரொட்டியையும் உண்டு அவர்களது மேனி நிறம் மாறிற்று. வயிறு இரைந்தபோது, மக்கள் செழிப்படையும்வரை உனக்கு இதைத் தவிர வேறெதுவும் இல்லை என்று வயிற்றைப் பார்த்தே சொன்னார்களாம். அவ்வாண்டில் வரட்சி நீங்கியிராவிட்டால் முஸ்லிம்களைப் பற்றிய கவலையினாலேயே உமர் இறந்துவிடுவார் என்று நாங்கள் எண்ணினோம் எனப் பணியாளர் அஸ்லம் அறிவிக்கின்றார். பசியினால் திருடியவரின் கையைத் துண்டிப்பதை அவர்கள் நிறுத்தி வைத்தார்கள். ஸகாத் வசூலிப்பதையும் மறு ஆண்டுக்குப் பிற்போட்டார்கள்.

இவையெல்லாம் பகலில். இரவில் நடந்தது வேறு. இஷாவுக்குப் பின் வீட்டுக்குச் சென்று இரவின் பெரும் பகுதியைத் தொழுகையில் கழிப்பார்கள். முஹம்மத் (ஸல்) அவர்களின் உம்மத்தைத் தமது கைகளில் வைத்து அழித்துவிட வேண்டாம் என்று ஸஹர் நேரத்தில் இறைஞ்சுவார்கள். மழைவேண்டித் தொழுவதற்காக மக்களைத் திரட்டிச் சென்றபோது அவர்களது துஆவின் பெரும் பகுதி இஸ்திஃபாராகவே இருந்தது. நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தை அப்பாஸ் (ரழி) அவர்களை முன்னிறுத்தி மழை வேண்டியதை அனஸ் (ரழி) அறிவிக்க, இமாம் புஹாரி பதிவு செய்துள்ளார். (இந்த அறிவிப்பை வைத்து நம் ஊர்களில் நடைபெறும் விவாதத்தினுள் நான் இங்கு நுழையவில்லை, அதற்கு இது இடமுமல்ல.)

மழை பொழிந்தது. கிராமவாசிகளுக்கு வழியுணவும் வாகனமும் கொடுத்து அவர்களை ஊர்களுக்கு அனுப்பி வைத்தார்கள். அப்போது ஒரு மனிதர் உமர் (ரழி) அவர்களின் பெருந்தன்மையைப் புகழ்ந்தார். எனது பணத்தையோ என் தந்தை கத்தாபின் பணத்தையோ செலவிட்டிருந்தால் அல்லவா நீ அப்படிச் சொல்ல வேண்டும், நான் செலவிட்டது அல்லாஹ்வின் பணத்தை என்று அவரைக் கடிந்துகொண்டார்கள். ஒன்பது மாதங்கள் உறங்காமல் உழைத்தவருக்குத் தமது உழைப்பில் தமக்கொரு பங்கு இருப்பதாகவே தோன்றவில்லை. தவக்குல் என்பதன் உட்பொருள் எனக்கு இவ்விடத்தில்தான் நன்கு விளங்குகின்றது.

காலையில் வெறும் வயிற்றுடன் கூட்டை விட்டுப் பறந்து, மாலையில் நிறைந்த வயிற்றுடன் திரும்பும் பறவையைப் பற்றிய நபிமொழியை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அதை நபி (ஸல்) அவர்களிடமிருந்து அறிவிப்பவரே இந்த உமர் (ரழி) அவர்கள்தாம். அப்பறவை கூட்டில் படுத்திருந்து ரிஸ்க் தேடவில்லை என்பதை அதை அறிவித்தவரின் வாழ்க்கையே விளக்கி நிற்கின்றது.

இனி ஷாமுக்குச் செல்வோம். ரம்லாவுக்கும் பைத்துல் முகத்தஸுக்கும் இடையில் அம்வாஸ் என்றொரு ஊர் இருந்தது. (1967 ஆம் ஆண்டுப் போரில் இஸ்ரேல் அவ்வூர் மக்களை வெளியேற்றி வீடுகளைத் தரைமட்டமாக்கியது.) அங்கே தலைகாட்டிய கொள்ளைநோய் ஷாம் எங்கும் பரவிற்று. படைத்தளபதியாக அங்கிருந்தவர் 'அமீனுல் உம்மா', சமுதாயத்தின் நம்பிக்கையாளர், எனச் சிறப்பிக்கப்பட்ட அபூ உபைதா (ரழி) அவர்கள்.

ஷாமை நோக்கிப் பயணமாகிய உமர் (ரழி) அவர்கள் எல்லைப்புறத்தில் ஸர்க் என்னுமிடத்தை அடைந்தபோது இச்செய்தி எட்டியது. முதலில் முஹாஜிர்களை அழைத்து ஆலோசித்தார்கள். ஒரு சாரார் தொடர்ந்து செல்வோம் என்றனர். மறு சாரார் திரும்புவோம் என்றனர். அன்ஸார்களிடமும் அதே கருத்து வேறுபாடு. பின்னர் குறைஷிகளின் முதியவர்களை அழைத்தார்கள். அவர்கள் ஒருமித்துத் திரும்பிவிடுமாறு கூறவே, காலையில் மதீனா திரும்புவதாக அறிவித்தார்கள். அப்போதுதான் அபூ உபைதா (ரழி) அவர்கள், அல்லாஹ்வின் விதியிலிருந்தா வெரண்டோடுகின்றீர்கள் என்று வினவினார்கள். வேறு எவரேனும் இதைக் கேட்டிருக்கக் கூடாதா என்று உமர் (ரழி) அவர்கள் வருந்தினார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதியின்பால் செல்கின்றோம் என்று விடையளித்தார்கள். ஒருபுறம் செழிப்பும் மறுபுறம் வரட்சியுமான பள்ளத்தாக்கில் ஒட்டகம் மேய்ப்பவன் எப்பக்கத்தில் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படியே அல்லவா என உவமையும் கூறினார்கள்.

எங்கோ சென்றிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள் பின்னர் வந்து, இது பற்றித் தம்மிடம் நபிமொழி உண்டு என்றார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையக் கூடாது. தாமிருக்கும் ஊரில் அது ஏற்பட்டால் அதற்கஞ்சி அங்கிருந்து வெளியேறவும் கூடாது. உமர் (ரழி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள். புஹாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள இந்த ஹதீஸை அரபுக் கல்லூரியில் நாம் ஓதியபோது, ஆதாரம் கிடைப்பதற்கு முன்னரே அவர்கள் எடுத்த முடிவு ஆதாரத்துக்கு ஒத்திருந்ததைத்தான் பெரிதாகப் பேசினோம். அபூ உபைதா (ரழி) அவர்களின் பக்கத்தைப் பற்றி அதிகம் சிந்திக்கவில்லை.

அதே நபிமொழியின் மறுபாதி அவர் மீது விழுந்தது. உமர் திரும்பிச் செல்வது ஸுன்னா. அபூ உபைதா தங்கியிருப்பதும் ஸுன்னா. அவர் நோயுள்ள தம் படையினரிடம் சென்றார். அவரைக் காப்பாற்ற விரும்பிய உமர் (ரழி) அவர்கள், அவசரத் தேவை இருப்பதாகவும் உடனே மதீனா வருமாறும் மடல் எழுதினார்கள். உள்நோக்கத்தைப் புரிந்துகொண்ட அபூ உபைதா (ரழி) அவர்கள், தம் படையினரை விட்டுப் பிரியத் தம்மால் இயலாது எனப் பணிவுடன் மன்னிப்புக் கோரினார்கள். அம்மடலைப் படித்து உமர் அழுதார்கள். அபூ உபைதா மரணித்துவிட்டாரா என அருகிலிருந்தோர் கேட்டனர். இல்லை, ஆனால் நெருங்கிவிட்டது என்ற கருத்தில் விடை கூறினார்கள். அத்துடன் நிற்கவில்லை. தாழ்வான நிலத்திலிருந்து மக்களை உயரமான, தூய்மையான இடத்திற்குக் கொண்டு செல்லுமாறு மறுமடல் எழுதினார்கள்.

அபூ உபைதா (ரழி) அந்நோயிலேயே மரணித்தார்கள். அடுத்துப் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபல் (ரழி) அவர்களும், அவருடைய மகனும் மரணித்தனர். முஆத் அப்போது முப்பதுகளில் இருந்த இளைஞர் என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். பின்னர் அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) அவர்கள் மக்களை மலைகளில் பிரிந்து தங்கச் செய்ய, நோய் நீங்கியது. அதற்குள் இருபத்தையாயிரம் பேரளவில் மரணித்துவிட்டதாகக் குறிப்பிடப்படுகின்றது. மலையேறி உயிர் தப்பியவர்களும் பள்ளத்தாக்கில் மரணித்தவர்களும் ஒரே இறைவனிடமே தம்மை ஒப்படைத்திருந்தார்கள். முடிவு வேறுபட்டதைக் கொண்டு அவர்களது தவக்குலை நாம் அளக்க முடியுமா?

நம் நாட்டில் 2020 ஆம் ஆண்டு கொரோனா பரவியபோது பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. இந்த ஸர்க் ஹதீஸ் அப்போது மீண்டும் மீண்டும் நினைவூட்டப்பட்டது. ஆயினும், அல்லாஹ்வை நம்புகிறவனுக்கு முகக்கவசம் எதற்கு என்று கேட்ட சகோதரர்களும் இருந்தார்கள். அவர்களது கேள்வி ஸர்க்கில் கேட்கப்பட்ட கேள்விதான். விடை ஆயிரத்து முந்நூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன்பே கூறப்பட்டுவிட்டது. பின்னர் நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட அந்தக் கொடுமையான மாதங்கள் வந்தன. மக்கள் துஆக் கேட்டார்கள், நோன்பிருந்தார்கள். கூடவே உச்ச நீதிமன்றத்திலும் மனுத் தாக்கல் செய்தார்கள். 2020 டிசம்பரில் மனுக்கள் தள்ளுபடி செய்யப்பட்டபோது துஆவும் தள்ளுபடியாகிவிட்டதாகச் சிலர் எண்ணினர். 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் செய்வதற்கு அனுமதி வெளியாயிற்று. ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் நல்லடக்கம் செய்யப்பட்டன. அதற்கு முன் எரிக்கப்பட்டவர்களின் பெற்றோர்களும் பிள்ளைகளும் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களிடம் சென்று பொறுமையைப் பற்றி உரையாற்றுவதை விட, அவர்களருகில் அமர்ந்திருப்பது மேலானது என்பது என் கருத்து.

அம்வாஸ் கொள்ளைநோய் ஓய்ந்தபின் உமர் (ரழி) அவர்கள் மீண்டும் ஷாம் சென்றார்கள். குடும்பம் குடும்பமாக மரணித்திருந்ததால் வாரிசுச் சொத்துக்கள் சிக்கலாகிக் கிடந்தன. அவற்றை அமர்ந்திருந்து பங்கிட்டார்கள். படைகளுக்குப் புதிய பொறுப்பாளர்களை நியமித்தார்கள். திரும்பும் வேளை நெருங்கியபோது தொழுகை நேரம் வந்தது. பிலால் (ரழி) அவர்களை அதான் சொல்லச் சொல்லுங்கள் என்று மக்கள் வேண்டினார்கள். கலீஃபா கேட்டுக்கொள்ள பிலால் எழுந்து அதான் சொன்னார்கள். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அந்தக் குரலைக் கேட்டிருந்தவர்கள் அனைவரும் தாடி நனைய அழுதார்கள் என்றும், எல்லோரையும் விட அதிகமாக அழுதவர் உமர் (ரழி) அவர்கள் என்றும் தபரி பதிவு செய்கின்றார். பின்னர் எல்லோரும் தொழுகைக்காக அணிவகுத்து நின்றார்கள்.