வேளாண் சிறு விற்பனையாளரும் விற்பனை வரியும்: தேசூர் வட்டாரம்

திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசி வட்டத்தைச் சேர்ந்த தேசூர் பேரூராட்சியில் ஆரணிப் பட்டு நெசவு ஒருபுறம், சுற்றுக் கிராமங்களில் நெல்லும் மணிலாவும் (நிலக்கடலை) மறுபுறம். தன் நிலத்தில் விளைந்ததைத் தானே விற்கும் உழவருக்கு விற்பனை வரி இல்லை. அவரிடம் வாங்கி விற்கும் சிறு வியாபாரிக்கு மட்டும் சரக்கைப் பொறுத்தும், அதைக் கட்டிக்கொடுக்கும் விதத்தைப் பொறுத்தும் வரி வருகிறது.

இந்தியாவில் பொது விற்பனை வரியை முதலில் விதித்தது சென்னை மாகாணம்தான். மதுவிலக்கால் குறைந்த வருவாயை ஈடுகட்ட, மாகாணப் பிரதமர் இராஜாஜி 1939இல் அதைக் கொண்டுவந்தார். ஆண்டு விற்றுமுதல் 10,000 ரூபாயை எட்டாத கடைகளை அந்தச் சட்டம் தொடவில்லை. உழவர் சொந்த விளைச்சலை விற்ற பணத்தையும் விற்றுமுதலில் சேர்க்கவில்லை. 1959ஆம் ஆண்டுச் சட்டமும் தேயிலை, ரப்பர் நீங்கலாக இந்த விலக்கைத் தொடர்ந்தது. அதற்குப் பதிலாக 2007 ஜனவரி 1இல் மதிப்புக்கூட்டு வரி வந்தது.

2017 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, சொந்த உழைப்பாலோ, குடும்பத்தார் உழைப்பாலோ, தன் மேற்பார்வையில் ஆள் வைத்தோ பயிரிடுபவர் தன் விளைச்சலை விற்கப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் தனிநபரும் இந்துக் கூட்டுக் குடும்பமும் மட்டுமே ‘விவசாயி’ என்பது சட்டத்தின் வரையறை. நூறு உழவர்கள் சேர்ந்து உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கினால் அதற்கு இந்தச் சலுகை இல்லை. சேர்ந்து விற்கச் சொல்லும் அரசே இதைச் சரிசெய்யாமல் விட்டிருப்பது நியாயமில்லை.

கீரை, காய்கறி, பழத்துக்கு வரியே கிடையாது. இவற்றை மட்டும் விற்பவர் எவ்வளவு விற்றாலும் பதிவு வேண்டாம். சிக்கல் கலப்புக் கடையில்தான். காய்கறியோடு காய்ந்த மிளகாயும் மஞ்சளும் விற்றால், அவற்றுக்கு 5 சதவீதம் உண்டு. பதிவுக்கான 40 லட்ச ரூபாய் ஆண்டு விற்றுமுதல் வரம்பைக் கணக்கிடும்போது வரியில்லாத காய்கறி விற்பனையும் அதில் சேரும்.

இந்த வட்டாரத்தில் வரியை அதிகம் உணர்பவர் மணிலா வியாபாரி. விதைக்கான மணிலாவுக்கு வரியில்லை. மற்றபடி தோலோடு இருந்தாலும் உடைத்த பயறானாலும் 5 சதவீதம். 80 கிலோ மூட்டை 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 500 மூட்டையில் 40 லட்சம் ஆகிவிடும். களத்துமேட்டில் வாங்கி எண்ணெய் செக்குக்கு ஏற்றிவிடும் ஒருவர், மூட்டைக்குச் சொற்ப லாபமே பார்த்தாலும், அறுவடைக் காலத்திலேயே இந்த அளவைத் தாண்டிவிடலாம்; வரம்பு லாபத்தை அல்ல, விற்றுமுதலையே பார்க்கிறது. ஒன்றரைக் கோடி வரை விற்பவர் காம்போசிஷன் என்னும் எளிமையான வரித் திட்டத்தில் 1 சதவீதம் கட்டலாம். ஆனால் அதை வாங்குபவரிடம் வசூலிக்க முடியாது. புதுச்சேரிக்கோ ஆந்திராவுக்கோ மணிலா விற்றால் 40 லட்ச வரம்பின் சலுகையும் இல்லை, காம்போசிஷனும் இல்லை.

2022 ஜூலை 18 முதல் இன்னொரு மாற்றம். கோணியிலிருந்து அளந்து கொடுக்கும் அரிசிக்கு வரியில்லை. அதே அரிசியை 25 கிலோ வரையிலான பையில் முன்கூட்டியே அடைத்து எடை, விலை அச்சிட்டு விற்றால் 5 சதவீதம். பருப்பு, வெல்லம், பொரிக்கும் இதே கதை. 40 லட்சத்துக்குள் விற்கும் மகளிர் குழு தன் பொட்டலத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் ஆலையிலிருந்து பையரிசி வாங்கி விற்கும் பதிவில்லாத பெட்டிக்கடைக்காரருக்கு, வாங்கும்போது கொடுத்த வரியைத் திரும்பப் பெற வழியில்லை.

ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் வாங்கப்படும் 1 சதவீதச் சந்தைக் கட்டணம் சரக்கு மற்றும் சேவை வரியிலிருந்து வேறு. 1987ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வேளாண் விளைபொருள் சந்தைச் சட்டத்தின் கீழ் வருவது அது. செலுத்த வேண்டியவர் வாங்கும் வியாபாரி, உழவர் அல்ல.

வரியில்லா விற்பனைக்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது. ஆகவே உரத்துக்கு 5, பூச்சிமருந்துக்கு 18 சதவீதம் என்று உழவர் கொடுப்பது சாகுபடிச் செலவிலேயே தங்கிவிடுகிறது. டிராக்டருக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12இலிருந்து 5 சதவீதமானது. ரசாயனப் பூச்சிமருந்துக்கு 18 அப்படியே நீடித்தது.