தோலும் குழாயும் அளவும்

பொன்னேரி என்னும் அடிவாரத்து ஊரிலிருந்து ஏலகிரிக்கு ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 14. புலவர் பெருமக்களின் பெயரையும் வள்ளல்களின் பெயரையும் தாங்கி நிற்கும் அவ்வளைவுகளைக் காரில் சாய்ந்தவாறே எண்ணிக்கொண்டு போகிறவர்கள், விடுமுறை நாட்களின் விடியற்காலையில், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த சைக்கிள்காரர்கள் சொந்தச் சரீர பலத்தை நம்பியே மேலேறுவதைக் கண்டு வியப்பதுண்டு. அவர்களுள் விஷயம் அறிந்தவர்களின் வண்டியைக் கூர்ந்து பார்த்தால், சட்டத்தின் உயரம், ஆசனத்தின் நிலை, கைப்பிடியின் தூரம் யாவும் ஏறியிருப்பவருடைய அங்க அளவுக்கு இசைய அமைந்திருப்பது விளங்கும். இக்கலை மேல்நாட்டுச் சரக்கு என்றே பலரும் கருதுகின்றனர். ஆயினும், அதற்கு இன்றியமையாத இரண்டு பொருள்களாகிய தோலும் எஃகுக் குழாயும் இம்மலையடிவாரத்துக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட பிரதேசத்தில் நெடுங்காலமாக உற்பத்தியாகி வந்தவை என்பதையும், அப்படியிருந்தும் அளவெடுத்துச் சைக்கிள் செய்யும் தொழில் இங்கே வேரூன்றவில்லை என்பதையும் நினைக்கும்போது, அதன் காரணத்தை விசாரிக்கத் தோன்றுகிறது.

சைக்கிள் சவாரியின் சௌகரியம் தோலிலேதான் ஆரம்பமாயிற்று. பர்மிங்காமில் 1866-இல் குதிரைச் சேணச் சாமான்கள் செய்யத் தொடங்கிய ஜான் பௌல்ட்பீ புரூக்ஸ் என்பவர், தம் குதிரை இறந்துபோகவே சைக்கிளில் ஏற நேர்ந்து, அதன் ஆசனம் செய்த கொடுமை தாளாமல், தோலை இழுத்துக் கட்டிய ஆசனம் ஒன்றை ஆக்கி 1882-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார் என்பது அந்த ஸ்தாபனத்தார் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் கதை. ஆறு ஆண்டுகள் கழித்து, டன்லப் என்னும் கால்நடை வைத்தியர் தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர்க் குழாயை மாட்டினார். இந்த இரண்டுக்குப் பிறகுதான் சைக்கிள் மனிதன் ஏறத் தக்க வாகனமாயிற்று என்பது என் அபிப்பிராயம்.

அதே காலத்தில் பாலாற்றங்கரையில் நடந்தது என்ன? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளில் பதமாகி, கடுக்காயும் எண்ணெயும் ஏற்று வெளிவந்த தோல், சென்னைத் துறைமுகத்தின் வழியாக லண்டன் சந்தைக்குச் சென்று, ‘கிழக்கிந்தியத் தோல்’ என்னும் பெயரோடு விலைபோயிற்று; 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிப் பின்னர் மேற்கே நீண்ட இருப்புப்பாதை இவ்வர்த்தகத்துக்குப் பேருதவியாக இருந்தது. பட்டையில் பதமான தோலுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு: ஈரத்தில் வளைத்துக் காயவிட்டால் அந்த வடிவத்திலேயே நிலைத்து, நாளடைவில் அமர்பவரின் உடலுக்கேற்பத் தானும் இணங்கிவிடும். குரோம் உப்பில் பதமான தோலோ மெத்தென்று வளைந்தாலும் மீண்டும் பழைய நிலைக்கே திரும்ப முயலும். காலணிக்கு அது உகந்தது, சைக்கிள் ஆசனத்துக்கு ஆகாது. நம் நாட்டுச் சிறு மாடுகளின் தோல் மெலிந்தது. ஆசனத்துக்கு வேண்டிய கனம் அதில் இல்லை. போதாக்குறைக்கு, 1903-இல் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலப் பொறியியல் நிபுணர் தொடங்கிவைத்த குரோம் பதனீடு காலக்கிரமத்தில் இந்தப் பக்கமெல்லாம் பரவி, ஆவாரம்பட்டையைப் பின்னுக்குத் தள்ளிற்று.

குழாயின் கதை சுருக்கமானது. 1949-இல் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் ஸ்தாபனத்தோடு கூடி அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனியை நிறுவினர்; ஹெர்குலிஸ் வண்டிகள் அங்கிருந்து வெளிவந்தன. 1955-இல் ஆவடியில் குழாய் ஆலையும் எழுந்தது. அந்த ஆங்கில ஸ்தாபனத்தின் குடையின் கீழேதான், இரு முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் உள்ள இலேசான குழாய்களைச் செய்து உலகப் புகழ்பெற்ற ரெனால்ட்ஸ் கம்பெனியும் இருந்தது. 1958-இல் ராலே என்னும் சைக்கிள் கம்பெனிக்குக் கைமாறிய புரூக்ஸ் ஆசனமும், ராலே 1960-இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு இணைந்தபோது, அதே குடைக்குள் வந்து சேர்ந்தது. ஆக, அம்பத்தூருக்கு உறவுமுறையில் எல்லாம் கிட்டத்திலேயே இருந்தன.

இருந்தும் நமக்கு வாய்த்தது 22 அங்குலச் சட்டமும் கனத்த கேரியரும் உள்ள ஒரே அச்சு வண்டி. அதன்மேல் குறை சொல்லுவது நன்றியின்மை. நெல் மூட்டையையும், பால் கேனையும், மனைவி மக்களையும் ஒருங்கே சுமந்த வண்டி அது. ஆனால் நெட்டையனும் குட்டையனும் அதற்குத் தம்மை ஒப்புக்கொடுக்க வேண்டியிருந்தது. பார்க் கம்பிக்குக் கீழே காலை நுழைத்துச் சிறுவர்கள் மிதித்த குரங்குப் பெடல், அளவுக்கு மீறிய சட்டத்துக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் கண்ட பரிகாரமே ஆகும். தெருமுனைச் சைக்கிள் கடைக்காரர் ஸ்பேனரை எடுத்துச் சீட்டை ஏற்றியோ இறக்கியோ கொடுப்பார். ஹேண்டில்பாரைத் திருப்பிப் பார்ப்பார். சீட்டுக்கு மெத்தை உறை போடுவார். அத்துடன் நம் சௌகரிய சாஸ்திரம் முடிந்தது.

பிரான்ஸில் அது வேறு விதமாக வளர்ந்தது. செயின்ட்-எட்டியென் நகரத்துச் சைக்கிள் ஆர்வலர் பால் த விவி, மலையேற்றத்துக்குப் பல பற்சக்கரங்கள் வேண்டுமென்று 1930-இல் இறக்கும் வரை ஓயாது வாதாடினார். 1938-இல் பாரிஸை அடுத்துக் கடை திறந்த அலெக்ஸ் சிங்கர் போன்றவர்கள், வாடிக்கைக்காரரை நிறுத்தி அளவெடுத்து, சட்டம், விளக்கு, மட்கார்டு உட்பட முழு வண்டியையும் அவருக்கென்றே செய்து கொடுத்தனர். அளவெடுக்கும் முறையின் சாரம் எளிது. வெறுங்காலோடு நின்று கவட்டிலிருந்து தரை வரை அளந்து, அதை 0.883-ஆல் பெருக்கினால், பெடல் தண்டுகள் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து ஆசனத்தின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் உத்தேசமாகக் கிடைக்கும்; 80 சென்டிமீட்டர் காலுக்கு ஏறத்தாழ 70.6. ஆசனம் தாழ்ந்தால் முழங்கால் நோகும். உயர்ந்தால் இடுப்பு ஆடும். கைப்பிடி அதிகத் தொலைவில் இருந்தால் உள்ளங்கை மரத்துப்போகும். சட்டத்தின் தலைக்குழாயைச் சற்று நீட்டிக் கைப்பிடியை உயர்த்துவதும், 32 மில்லிமீட்டர் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து அடிப்பதும், நாள் முழுதும் சவாரி செய்பவருக்கு விலையுயர்ந்த எந்த உலோகத்தையும்விட அதிகச் சுகம் தரும்.

ஐரோப்பியரின் பாதங்களுக்கு அரை எண் வித்தியாசம்கூடப் பிசகாமல் காலணி செய்து அனுப்பும் ஆம்பூரில், அந்தத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் தொழிலாளி தன் கால் அளவு அறியாத சைக்கிளில் சென்றது விசித்திரமே. அளவின் அருமை இவ்வூருக்குத் தெரியாததன்று. அது சைக்கிளுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவே. கனமான எருமைத் தோல் நம் நாட்டில் உண்டு. ஆவாரம்பட்டை வித்தையும் தமிழ்நாட்டில் முற்றிலும் மறையவில்லை. ஆம்பூர்த் தோல் தொழிலதிபர்களில் யாரேனும் ஒருவர் மனம் வைத்து, பட்டைத் தோலில் பத்து ஆசனங்கள் செய்து, ஏலகிரி ஏறும் சைக்கிள்காரர்களிடம் கொடுத்துப் பரீட்சை பார்ப்பாராக.