தோஹா பிரகடனம்: ஆறாவது பத்தி

மருந்துக் காப்புரிமை குறித்து உலக வர்த்தக அமைப்பு 2001 நவம்பரில் தோஹாவில் ஒப்புக்கொண்ட ஒரு சிக்கலை அதன் பிரகடனத்தின் ஆறாவது பத்தி சுட்டுகிறது. காப்புரிமையாளரின் சம்மதமின்றி மருந்து தயாரிக்க அரசு கட்டாய உரிமம் வழங்கலாம் என்கிறது அந்த அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸ். ஆனால் அப்படித் தயாரித்த சரக்கு பெரும்பாலும் உள்நாட்டுக்கே போகவேண்டும். மருந்தாலையே இல்லாத நாடு அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? அமைப்பின் 2003 ஆகஸ்ட் 30 முடிவு இத்தகைய நாடுகளுக்கான ஏற்றுமதிக்கு வழிவிட்டது. 2017இல் அது ஒப்பந்தத்தின் நிரந்தரத் திருத்தமானது.

வழி திறந்ததே தவிர, நடமாட்டம் இல்லை. கனடாவின் அபோடெக்ஸ் நிறுவனம் ருவாண்டாவுக்கு அனுப்பிய எய்ட்ஸ் மாத்திரைகளே நடந்தேறிய ஒரே ஏற்றுமதி. ருவாண்டா உலக வர்த்தக அமைப்புக்கு அறிவிக்கை தந்தது 2007 ஜூலையில். முதல் சரக்கு போனது 2008 செப்டம்பரில். தேவையான அளவை முன்கூட்டியே சொல்லவேண்டும், மாத்திரையும் உறையும் தனி அடையாளம் தாங்கவேண்டும் என்று நிபந்தனைகள் அத்தனை. 2021இல் பொலிவியா கோவிட் தடுப்பூசிக்காக அறிவித்தும் ஒரு குப்பிகூடப் போகவில்லை. தேவை இல்லாததால்தான் பயன்படவில்லை, இந்திய மருந்துகளே மலிவாகக் கிடைத்தன என்பார் உண்டு. பழைய மருந்துகளுக்கு அது சரி. ஆனால் 2005 முதல் இந்தியாவும் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை தருகிறது; புதிய மருந்துகளுக்கு அந்த வாதம் செல்லாது. விலை பேசும்போது மிரட்டவாவது இந்த ஏற்றுமதி வழி உதவும் என்பது மற்றொரு வாதம். பதினான்கு மாதம் கழித்து நிறைவேறும் மிரட்டலுக்கு எந்த நிறுவனம் அஞ்சும்?