பட்டறையும் பாடசாலையும்

யந்திர சாஸ்திரம் பயிலும் மாணவன் ஒருவன், பட்டம் பெறுவதற்கு முன்பே, சில மாதங்களோ ஓர் ஆண்டோ போர்க்கப்பல் கட்டும் துறைக்குச் சென்று, அங்குள்ள தொழிலாளரோடு தானும் ஒரு தொழிலாளனாய் நின்று பயின்று திரும்புவது இங்கிலாந்தில் ஒரு காலத்தில் சாதாரண வழக்கமாக இருந்தது. ஆயினும், கையால் கற்றவனுக்கும் ஏட்டால் கற்றவனுக்கும் நெடுநாள் நிலவிய பிணக்கு ஓய்ந்த பிறகே அவ்வழக்கம் வேரூன்றியது.

1811-இல் போர்ட்ஸ்மத்தில் கப்பற் கலைக்கென ஒரு பள்ளி தோன்றியது. அதன் தலைவர் ஜேம்ஸ் இன்மன் கணித மேதை. மாணவர்களோ மற்றத் தச்சுப் பயிலாளரினும் உயர்ந்த வகுப்பினராகப் பிரித்து வைக்கப்பட்டவர்கள். அந்தப் பிரிவினையே பள்ளிக்குக் கேடாயிற்று என்பது என் எண்ணம். 1832-இல் பள்ளி மூடப்பட்டது. அதே ஆண்டில் கடற்படைக் கப்பல்களை வரைந்து அமைக்கும் தலைமைப் பதவி, அங்குப் பயின்ற எவருக்கும் கிட்டாமல், சைமண்ட்ஸ் என்னும் கடற்படை அதிகாரிக்குச் சென்றது.

பின்னர் 1843-இல், கடற்படை நிர்வாகம் தன் கப்பல் துறைகளிலேயே பாடசாலைகளை நிறுவத் தொடங்கியபோது, வழி தலைகீழாக மாறியது. மேலிருந்து கணிதத்தைக் கொண்டுவந்து பட்டறையில் இறக்குவதை விட்டு, பட்டறையிலுள்ள சிறுவனையே கணிதத்திற்கு அழைத்துச் சென்றார்கள். வாய்ச்சியும் உளியும் பிடித்துப் பழகிய பையன், வேலை நேரத்தில் ஒரு பகுதியையும் மாலைப் பொழுதையும் பாடத்திற்குக் கொடுத்தான்; ஆண்டுதோறும் நடந்த பரீட்சையில் தேறியவன் மேல்வகுப்புக்கு ஏறினான், தேறாதவன் தச்சனாகவே தொடர்ந்தான். ஏழைத் தொழிலாளியின் மகனுக்கு அந்நாட்டில் அக்காலத்தில் இதைப்போல் திறந்திருந்த கதவுகள் மிகச் சிலவே.

அதற்குள் மரம் போய் இரும்பு வந்துவிட்டது. சாத்தம் துறையில் அக்கில்லீஸ் என்னும் இரும்புப் போர்க்கப்பலைக் கட்டியபோது, இரும்பு வேலைக்காரர்கள் வேலை நிறுத்தம் செய்ய, மரத் தச்சர்களே இரும்பைக் கையாளக் கற்று அதை முடித்தார்கள். 1863-இல் அது நீரில் மிதந்தது. பழைய கைப்பழக்கம் மட்டும் இனிப் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. மறு ஆண்டே லண்டன் தென் கென்சிங்டனில் கப்பல் அமைப்புக்கும் கப்பல் யந்திரங்களுக்குமான உயர்கல்விப் பள்ளி திறக்கப்பட்டது. குளிர்காலத்தில் வகுப்பு, கோடையில் கப்பல் துறையில் வேலை என்பது அதன் நியமம். மாணவர்கள் துறையில் கழித்த பயிற்சிக் காலத்தின் உண்மையான மூதாதை அதுவே. டெவன்போர்ட் துறையில் 14 வயதில் பயிலாளராய்ச் சேர்ந்த வில்லியம் வைட் அதன் முதல் மாணவர்களுள் ஒருவர். அவரே பின்னர், 1885 முதல் 1902 வரை, பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் தலைமை நிர்மாண அதிகாரியாக விளங்கினார்.

1880-இல் டெவன்போர்ட்டை அடுத்த கீயத்தில் யந்திர மாணவர்க்கென எழுந்த கல்லூரியும் கொதிகலன் பட்டறைகளின் அருகிலேயே அமைந்தது. 1903-இல் சண்டர்லாந்து தொழில்நுட்பக் கல்லூரி, ஆறு மாதம் கல்லூரியிலும் ஆறு மாதம் தொழிற்சாலையிலுமாகப் பாடத்தை வகுத்தபோது, கடற்படைத் துறைகளில் பழகிய முறை தனியார் கப்பல் தொழிலுக்கும் பரவியது.

டர்பைன் யந்திரங்களால் இயங்கிய முதற் பெரும் போர்க்கப்பலான டிரெட்நாட், 1906 பிப்ரவரி 10-ஆம் நாள் போர்ட்ஸ்மத்தில் கடலில் இறங்கியது. அதன் அமைப்புக்குப் பொறுப்பேற்றிருந்த பிலிப் வாட்ஸ், அதே போர்ட்ஸ்மத் துறையில் பயிலாளராகத் தொழில் தொடங்கியவர்.