டொலேடோவுக்குச் செல்லும் மொழி மாணவர்களுக்கு

தில்லிப் பள்ளி ஒன்றில் ஸ்பானியம் பயிலும் மாணவர்கள் சிலர் வரும் விடுமுறையில் ஸ்பெயினுக்குக் கல்விச் சுற்றுலா செல்கிறார்கள். அவர்களுடைய பயண நிரலை உறவினர் ஒருவர் என்னிடம் காட்டினார். டொலேடோ நகருக்கு அரை நாள் ஒதுக்கியிருந்தார்கள்: பேராலயம், எல் கிரேக்கோவின் ஓவியங்கள், வாள் கடைகள், பாதாம் இனிப்பு, பிறகு மாட்ரிட் திரும்புதல். குறை சொல்லத்தக்க நிரல் அன்று. ஆயினும் மொழி பயில்வோர் அந்நகரில் அறிய வேண்டிய செய்தி ஒன்று அதில் விடுபட்டிருக்கிறது.

1085இல் காஸ்தீல் அரசர் ஆறாம் அல்ஃபோன்சோ டொலேடோவைக் கைப்பற்றினார். ஆட்சி மாறியது, அரபு மொழி அகலவில்லை. மொஸராபியர் எனப்பட்ட அந்நகரத்துக் கிறித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அரபு பேசியவர்கள். கிறித்தவ அரசின் கீழும் ஏறத்தாழ இரு நூற்றாண்டுக் காலம் தம் நில விற்பனைப் பத்திரங்களை அவர்கள் அரபிலேயே எழுதினர். அத்தகைய ஆவணங்கள் ஆயிரத்துக்கும் மேல் எஞ்சியுள்ளன. ஒரு மொழியை ஒரு சமயத்தின் உடைமையாகக் கருதுவோர் முதலில் பார்க்க வேண்டியவை இவை.

இந்தச் சூழலே 12ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர்களை அங்கு ஈர்த்தது. தாலமியின் 'அல்மஜஸ்ட்' என்னும் வானியல் நூலைத் தேடி இத்தாலியிலிருந்து வந்த கிரமோனாவின் ஜெரார்டு, அரபு கற்று, 1187இல் இறப்பதற்குள் எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களை இலத்தீனில் பெயர்த்தார். பாரிஸின் கல்வி பிடிக்காமல் இங்கிலாந்துக்காரர் டேனியல் மோர்லி டொலேடோவுக்கு வந்தார். வெளிநாட்டுக் கல்விப் பயணம் என்பது அந்நகருக்குப் புதிதன்று.

ஆனால் இம்மொழிபெயர்ப்புகள் பல தனியொருவர் செய்தவை அல்ல. அரபு அறிந்த ஒருவர் மூலத்தை வாசித்து, மக்கள் வழங்கிய பேச்சு மொழியில் பொருள் சொல்வார். மற்றவர் அதைக் கேட்டு இலத்தீனில் எழுதுவார். இப்னு சீனாவின் ஆன்மா பற்றிய நூல் இப்படித்தான், அவெந்தாவுத் என்னும் யூத அறிஞரும் குந்திசால்வோ என்னும் கிறித்தவக் குருவும் சேர்ந்து அமர்ந்ததால், இலத்தீனுக்குச் சென்றது. ஜெரார்டின் நூல்களை அவருடைய மாணவர்கள் பட்டியலிட்டு வைத்தார்கள். 'அல்மஜஸ்ட்' பணியில் அவருக்குத் துணைநின்ற காலிப் என்னும் மொஸராபியரை நாம் அறிவதோ, மோர்லி தம் நூலில் போகிற போக்கில் குறிப்பிட்டதால் மட்டுமே. எழுதியவர் வரலாற்றில் நின்றார். சொன்னவர் பெரும்பாலும் மறைந்தார்.

கணித வகுப்பில் நாம் கற்ற 'சைன்' என்னும் சொல்லும் இத்தகைய பெயர்ப்புகளின் எச்சமே. வில்லின் நாணைக் குறிக்கும் சமஸ்கிருத 'ஜ்யா', 'ஜீவா' ஆகியவை அரபில் 'ஜீப' என ஒலிபெயர்க்கப்பட்டன. உயிர்க்குறி இல்லாத அரபு எழுத்தில் அது ஆடையின் மடிப்பைக் குறிக்கும் 'ஜைப்' என்றும் படிக்கத்தக்கது. அக்காலத்து இலத்தீன் பெயர்ப்பாளர்கள் அப்படியே படித்து 'சைனஸ்' என்று எழுதினர். அந்தப் பிழையைத்தான் உலகம் இன்றும் பயன்படுத்துகிறது.

பின்னர் நிகழ்ந்தது துயரமானது. ஏறத்தாழ 1500இல் கிரனாடாவில் அரபு நூல்களைக் குவித்து எரிக்கச் செய்தவர் சிஸ்னேரோஸ். அவர் டொலேடோவின் பேராயர். 1492இல் யூதர்களும், 1609 முதல் மொரிஸ்கோக்களும் நாடு கடத்தப்பட்டனர். செர்வான்தெஸின் 'தோன் கிஹோத்தே' வெளிவந்தது 1605இல். அதன் கதைசொல்லி டொலேடோவின் கடைத்தெருவில் ஓர் அரபுக் கையெழுத்துப் பிரதியை வாங்குகிறார். படித்துச் சொல்ல ஒரு மொரிஸ்கோவைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். உலர்திராட்சையும் கோதுமையும் கூலியாகப் பெறும் அந்த மொழிபெயர்ப்பாளருக்கு நாவலில் பெயர் இல்லை. நான்கு ஆண்டுகளில் அவரைப் போன்றோருக்கு நாடும் இல்லாமற்போனது.

எனவே மாணவர்களுக்கு என் பரிந்துரை இது. அரை நாளே இருந்தாலும், 999இல் மசூதியாகக் கட்டப்பட்ட 'கிறிஸ்தோ தெ லா லூஸ்' முகப்பில் செங்கல்லால் அமைந்த அரபு எழுத்தைப் பாருங்கள். 14ஆம் நூற்றாண்டின் 'எல் திரான்சிதோ' யூதத் தொழுகைக்கூடத்தில், சுதை வேலைப்பாட்டினுள் எபிரேயமும் அரபும் ஒருங்கே ஓடுவதைப் பாருங்கள். நகரின் நடுச் சதுக்கமான சொகொதோவேர், கால்நடைச் சந்தை எனப் பொருள்படும் அரபுப் பெயரைத் தாங்கியிருப்பதை வழிகாட்டியிடம் கேளுங்கள். பேசுவோரை வெளியேற்றிய பின்னும் அவர்களுடைய சொல்லை அந்நகரால் வெளியேற்ற இயலவில்லை.

ஆய்வாளர்களாகிய நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. களப்பணியில் நமக்குச் சொல் சொன்னவரை 'தகவலாளி 1', 'தகவலாளி 2' என்று எழுதிப் பழகிவிட்டோம். அவர் விரும்பும் இடத்திலேனும் அவர் பெயரை எழுதுவோம்.